கரண்ட் வந்தா சர்வர் தானா எந்திரிக்கணும்: உபுண்டு, என்ஜின்எக்ஸ், மரியாடிபி

நொய்யல்கரை (திருப்பூர்)

வணக்கமுங்க. பனியன் கம்பெனிக்குள்ள லாட் கணக்கு பாக்கற வெப் ஆப் ஒண்ணு ஓடுது. துணி உள்ள வர்றது, கட்டிங், செக்கிங், காஜா பட்டனுக்கு வெளிய போற டிசி (டெலிவரி சலான்) எல்லாம் அதுலதான் ஏத்தறாங்க. எந்த செக்சன்ல இருந்தும் போன்ல 192.168.1.50னு அடிச்சா திறக்கும்.

மெசின்: பழைய டெஸ்க்டாப், 8 ஜிபி ராம், உபுண்டு 22.04 டெஸ்க்டாப் பதிப்பு. லேன் கேபிள்தான், வைஃபை இல்லீங்க. முகவரி செட்டிங்ஸ்லயே நிலையா போட்டிருக்கு. முன்னால என்ஜின்எக்ஸ்ங்கற வெப் சர்வர் 80வது போர்ட்ல, பின்னால பைத்தான் ஃபிளாஸ்க் ஆப், அதை ஓட்டற கியூனிகார்ன் 8000ல, டேட்டாபேஸ் மரியாடிபி. லாட் போட்டோ எல்லாம் வெளிய சொருகின யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்ல. 600 விஏ யுபிஎஸ் ஒண்ணு இருக்கு, கம்ப்யூட்டர் மட்டும் அதுல. லேன் சுவிட்ச் நேரா சுவர்ல.

மாசாந்திர பராமரிப்புன்னு காலைல 9 மணிக்கு கரண்ட் எடுத்தா சாயங்காலம்தான் விடறாங்க. யுபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. கரண்ட் வந்த பொறவு யாராச்சும் போய் பவர் பட்டனை அமுத்தி, லாகின் பண்ணி, டெர்மினல்ல என்ஜின்எக்ஸையும் கியூனிகார்னையும் கையில கிளப்பணும். அந்த ஆள் லீவுன்னா டிசி நோட்டுல எழுதறாங்க.

என்ஜின்எக்ஸ் பூட்ல தானா கிளம்பணும்னு எனேபிள் குடுத்தாச்சு. அப்படியும் பூட் ஆகி பாத்தா ஃபெயில்டுன்னு நிக்குது. அதையே கையில ஸ்டார்ட் பண்ணுனா மறு பேச்சில்லாம ஓடுது. ஏனுங்க இப்படி?

---

கூடுதுறை (பவானி)

கையில கிளப்பினா ஓடுது, பூட்ல விழுதுன்னாலே நேரப் பிரச்சினைங்க. கான்ஃபிக்ல தப்பிருந்தா கையிலயும் ஓடாது. யூகம் பண்றதுக்கு முன்னாடி பூட் ஆனதும் எதையும் தொடாம இதை ஓட்டுங்க. கட்டளைகளைத் தமிழ் எழுத்துல போடறேன், அடிக்கும்போது ஆங்கிலத்துல அடிச்சுக்கங்க.

ஜர்னல்சிடிஎல் -யு என்ஜின்எக்ஸ் -பி

-பி போட்டா இந்தப் பூட்டோட பதிவு மட்டும் வரும். -பி -1 போட்டா இதுக்கு முந்தின பூட். அந்தப் பதிவுல ‘பைண்ட்’ வரில என்ன எண் நிக்குதுன்னு பாருங்க.

98ன்னா 80வது போர்ட்டை வேற யாரோ பிடிச்சிருக்காங்க. பெரும்பாலும் அப்பாச்சி. எதுக்கோ பிஎச்பி நிறுவும்போது கூடவே வந்து, தானா எனேபிளும் ஆகியிருக்கும். சூடோ போட்டு எஸ்எஸ் -எல்டிஎன்பி ஓட்டினா எந்த புரோகிராம்னு பேரோட காட்டும். அதுக்கு டிசேபிள் --நவ் குடுத்தா முடிஞ்சது.

99ன்னா கதை வேற. உங்களுக்கு அதுதான்னு நினைக்கறேன். என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்ல ‘லிஸன் 192.168.1.50:80’ன்னு ஐபியோட எழுதியிருப்பீங்க. என்ஜின்எக்ஸ் எந்திரிக்கற நேரத்துல அந்த முகவரி இன்னும் லேன் கார்டுக்கு ஒட்டியிருக்காது. இல்லாத முகவரில உக்கார முடியாதுன்னு கெர்னல் திருப்பி அனுப்பிடுது. நீங்க லாகின் பண்ணி டெர்மினல் திறக்கறதுக்குள்ள முகவரி வந்துடும், அதனால கையில கிளப்பினா சரியா ஓடுது.

இதுக்கு இணையத்துல எல்லாரும் சொல்ற வைத்தியம், என்ஜின்எக்ஸை நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்டுக்குப் பின்னால தள்ளறது. பாதிதான் உதவும். வெறும் நெட்வொர்க் டார்கெட்டுங்கறது ‘நெட்வொர்க்கைப் பாத்துக்கற புரோகிராம் கிளம்பிருச்சு’ங்கற அளவுக்குத்தான், முகவரி கிடைச்சதுன்னு அர்த்தமில்லை. நெட்வொர்க்-ஆன்லைன் கொஞ்சம் மேல, அது காத்திருந்து பாக்கும். ஆனா உங்க லேன் சுவிட்ச் யுபிஎஸ்ல இல்லைன்னு சொன்னீங்களே, அதான் வில்லன். நேரா சுவர்ல இருக்கற சுவிட்சுக்கு கரண்ட் வரத் தாமதமானாலோ, கரண்ட் வந்து உடனே ஒருக்கா போய் வந்தாலோ, கேபிளோட அந்தப் பக்கம் உயிர் இல்லை. லிங்க் இல்லைன்னா நெட்வொர்க்மேனேஜர் சில நொடி பாத்துட்டு ‘என் வேலை முடிஞ்சது’ன்னு சொல்லிட்டு நகர்ந்துடும். நிலையான முகவரியா இருந்தாலும் லிங்க் வர்ற வரைக்கும் கார்டுல ஏத்தாது. ஆக ஆன்லைன்னு சொன்ன பொறவும் 99 வரும்.

அதனால சரியான வழி, ஐபியைத் தூக்கறது. லிஸன் வரில

லிஸன் 80;

அவ்வளவுதான். அப்ப என்ஜின்எக்ஸ் எந்த முகவரிக்கும் காத்திருக்காது. முகவரி அஞ்சு நிமிசம் கழிச்சு வந்தாலும் அதுல வர்ற கோரிக்கையை வாங்கிக்கும். சர்வருக்கு ஒரே ஒரு லேன் கார்டுதான், வெளி இணையத்துக்குத் திறந்து விடலைங்கறப்ப ஐபி எழுதறதுல பாதுகாப்பு லாபமும் பெரிசா இல்லை. கட்டாயம் ஐபி வேணும்னா சிஸ்சிடிஎல்ல நெட்.ஐபிவி4.ஐபி_நான்லோக்கல்_பைண்ட் = 1 போடலாம், இல்லாத முகவரிலயும் உக்கார விடும். எனக்கு அது ரெண்டாம்பட்சம்தான்.

இன்னொரு ஓட்டை: புராக்ஸி_பாஸ் வரில ஏதாச்சும் பேர் எழுதியிருந்தா, பூட்ல டிஎன்எஸ் கிடைக்காம ‘ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட் இன் அப்ஸ்ட்ரீம்’னு சொல்லி என்ஜின்எக்ஸ் மொத்தமா படுத்துக்கும். 127.0.0.1:8000ன்னு எண்ணாவே எழுதிடுங்க.

பூட்ல சர்வீஸ்களைக் கிளப்பிப் பாத்துக்கற புரோகிராம் சிஸ்டம்டி, ஒவ்வொரு சர்வீஸையும் எப்படி ஓட்டறதுன்னு அதுக்குச் சொல்ற கோப்புதான் யூனிட். உபுண்டு தர்ற என்ஜின்எக்ஸ் யூனிட்ல ரீஸ்டார்ட் வரி கிடையாது. ஒருக்கா விழுந்தா விழுந்ததுதான். அதைச் சேர்க்க லிப் அடைவுல இருக்கற மூலக் கோப்பைத் திருத்தாதீங்க, அடுத்த அப்டேட்ல அடிச்சுட்டுப் போயிடும்.

சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் என்ஜின்எக்ஸ்

திறக்கற இடத்துல சர்வீஸ் தலைப்புக்குக் கீழ ‘ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்’, ‘ரீஸ்டார்ட்செக்=5’ ரெண்டு வரி போதும். 5 நொடிங்கறது சும்மா போட்டது இல்லை. அதை எழுதாம விட்டா சிஸ்டம்டி 100 மில்லிநொடிக்கு ஒருக்கா முயற்சி பண்ணும். 10 நொடிக்குள்ள 5 தடவை விழுந்தா ‘ஸ்டார்ட்-லிமிட்-ஹிட்’னு சொல்லி அப்புறம் தொடவே தொடாது. அதாவது ஒரு நொடி முடியறதுக்குள்ள கணக்கு முடிஞ்சிடும். 5 நொடி இடைவெளி விட்டா 10 நொடிக்கு ரெண்டு மூணு முயற்சிதான் விழும், வரம்பைத் தொடாம விடாம முயற்சி பண்ணிட்டே இருக்கும்.

அடுத்து கியூனிகார்ன். டெர்மினல்ல ஓட்டறதை நிறுத்திட்டு அதுக்கு ஒரு யூனிட் கோப்பு எழுதணும். ஆப்பை யாரோட ஹோம் அடைவுலயும் வெக்காம எஸ்ஆர்வி அடைவுக்குள்ள வெச்சுக்கங்க. ஹோம் அடைவை என்கிரிப்ட் பண்ணியிருந்தா லாகின் பண்ற வரைக்கும் அது திறக்காது, சர்வீஸ் எப்படிக் கிளம்பும்? இடிசி, சிஸ்டம்டி, சிஸ்டம் அடைவுக்குள்ள லாட்.சர்வீஸ்னு கோப்பு:

[யூனிட்]
ஆஃப்டர்=நெட்வொர்க்.டார்கெட் மரியாடிபி.சர்வீஸ்
வான்ட்ஸ்=மரியாடிபி.சர்வீஸ்

[சர்வீஸ்]
யூசர்=லாட்
வொர்க்கிங்டைரக்டரி=/எஸ்ஆர்வி/லாட்
என்விரான்மென்ட்ஃபைல்=/இடிசி/லாட்.என்வ்
எக்ஸெக்ஸ்டார்ட்=/எஸ்ஆர்வி/லாட்/வென்வ்/பின்/கியூனிகார்ன் --வொர்க்கர்ஸ் 3 --பைண்ட் 127.0.0.1:8000 ஆப்:ஆப்
ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்
ரீஸ்டார்ட்செக்=5

[இன்ஸ்டால்]
வான்டட்பை=மல்டி-யூசர்.டார்கெட்

மரியாடிபிக்கு ரிக்வயர்ஸ் போடாம வான்ட்ஸ் போட்டதுக்குக் காரணம் இருக்கு. ரிக்வயர்ஸ்னா டேட்டாபேஸை ஒருக்கா நிறுத்தினாலே ஆப்பும் கூடவே நிக்கும். ஆஃப்டர் வரி மட்டும் விட்டுடாதீங்க. வான்ட்ஸ் கூட்டிட்டு வரும், ஆனா வரிசை பாக்காது. வரிசையைச் சொல்றது ஆஃப்டர்தான். திடீர்னு கரண்ட் போயிருந்தா மரியாடிபி எந்திரிக்கும்போது பழைய லாகை ஓட்டிச் சரி பண்ணிக்கும், அதுக்குச் சித்த நேரம் ஆகும். மரியாடிபி ‘நான் தயார்’னு சிஸ்டம்டிக்குச் சொல்ற வகைங்கறதால ஆஃப்டர் போட்டா அதுவரைக்கும் உங்க ஆப் காத்திருக்கும்.

இன்ஸ்டால் பகுதி இல்லைன்னா எனேபிள் எடுபடாது. எனேபிள் செய்யற வேலையே மல்டி-யூசர்.டார்கெட்.வான்ட்ஸ் அடைவுல ஒரு இணைப்பு போடறது மட்டும்தான். ஸ்டார்ட் இப்போதைக்கு, எனேபிள் அடுத்த பூட்டுக்கு. ரெண்டும் ஒரே அடியில வேணும்னா:

சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்
சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் லாட்

விழுந்தா ஸ்டேட்டஸ்ல வர்ற எண்ணே விசயத்தைச் சொல்லிடும். 203ன்னா எக்ஸெக்ஸ்டார்ட்ல இருக்கறதை ஓட்ட முடியலை: பாதை தப்பு, ஓட்டும் அனுமதி இல்லை, இல்லைன்னா விண்டோஸ்ல எழுதின ஸ்கிரிப்ட்டா இருந்து வரிக் கடைசில கேரேஜ் ரிட்டர்ன் ஒட்டியிருக்கு. 200ன்னா வொர்க்கிங்டைரக்டரி இல்லை. 217ன்னா அந்தப் பேர்ல யூசரே இல்லை.

எக்ஸெக்ஸ்டார்ட் வரி ஷெல் கிடையாதுங்கறதை மனசுல வெச்சுக்கங்க. அலைக்குறி, ரெண்டு ஆம்பர்சண்ட், கோப்புக்குத் திருப்பற குறி எதுவும் அங்க வேலைக்காகாது. பாஷ்ஆர்சில வெச்ச டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் வராது, அதுக்குத்தான் என்விரான்மென்ட்ஃபைல். அந்தக் கோப்புல ‘பேர்=மதிப்பு’ மட்டும் இருக்கணும், முன்னால எக்ஸ்போர்ட்னு போடக்கூடாது.

---

குறிச்சிகுளம் (கோவை)

மேல சொன்னதெல்லாம் பெட்டி ஆன் ஆன பொறவு. பட்டனை அமுத்த ஆள் வேணும்ங்கற பாதிக்கு பயாஸ்தான் மருந்து.

‘ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்’, ‘ஏசி ரிகவரி’, ‘ஆஃப்டர் பவர் லாஸ்’னு போர்டுக்குப் போர்டு பேர் மாறும். பவர் மேனேஜ்மென்ட் இல்லைன்னா ஏபிஎம் பக்கத்துல இருக்கும். பவர் ஆஃப், பவர் ஆன், லாஸ்ட் ஸ்டேட்னு மூணு கேக்கும். பவர் ஆன் வைங்க. லாஸ்ட் ஸ்டேட் நல்லதுன்னு தோணும், ஆனா கரண்ட் போறதுக்கு முன்னாடி யாராச்சும் முறையா ஷட்டவுன் பண்ணியிருந்தா ‘கடைசி நிலை’ ஆஃப்தானே, எந்திரிக்காது. ஈஆர்பின்னு ஒரு மின்சேமிப்பு செட்டிங் இருந்தா அணைச்சுடுங்க, சில போர்டுல அது ஆன்ல இருந்தா இந்த வசதியே மங்கிப் போயிடும்.

பழைய டெஸ்க்டாப்னு சொன்னீங்க. போர்டுல இருக்கற சிஆர்2032 பேட்டரியை மல்டிமீட்டர்ல பாத்துடுங்க. புதுசு 3 வோல்ட் காட்டும், 2.8க்குக் கீழ வந்துட்டா மாத்திடறது உத்தமம். அது செத்தா நாள் முழுக்க கரண்ட் இல்லாத அன்னிக்கு பயாஸ் செட்டிங் எல்லாம் அழிஞ்சு, நீங்க வெச்ச பவர் ஆனும் போயிடும். திரையில ‘எஃப்1 அமுத்துங்க’ன்னு கேட்டு நிக்கும். கடிகாரமும் பல வருசம் பின்னால போயிடும், அப்புறம் டிசி தேதியெல்லாம் என்னாகும்னு பாத்துக்கங்க. கீபோர்டு இல்லாம வெக்கற பெட்டின்னா ‘ஹால்ட் ஆன்’ங்கறதை ‘நோ எரர்ஸ்’னு மாத்தணும், இல்லைன்னா கீபோர்டு காணோம்னு நின்னுக்கும்.

யுபிஎஸ்லதான் பெரிய சிக்கல் ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. யுஎஸ்பி டேட்டா கேபிள் இருக்கற யுபிஎஸ்ஸா இருந்தா, அதைக் கவனிக்கற நட் மென்பொருள் போட்டு, பேட்டரி குறைஞ்சதும் முறையா ஷட்டவுன் ஆக வெக்கலாம். நல்லதுதான். ஆனா ஷட்டவுன் ஆகி முடிஞ்ச நேரத்துல, யுபிஎஸ் பேட்டரி முழுசா தீர்றதுக்குள்ள கரண்ட் வந்துட்டா? யுபிஎஸ்ஸோட வெளிப்பக்கம் கரண்ட் நிக்கவே இல்லை. பயாஸ் கண்ணுக்கு ‘ஏசி போய் வந்தது’ங்கற சம்பவமே நடக்கலை. பெட்டி ஆஃப்லயே கிடக்கும், பவர் ஆன் வெச்சும் பிரயோசனமில்லை. இதுக்காகத்தான் நட்ல பவர்டவுன்ஃப்ளாக்னு ஒண்ணு இருக்கு. ஷட்டவுனோட கடைசிப் படியில யுபிஎஸ்ஸுக்கே ‘வெளிப்பக்கத்தை அறுத்துடு’ன்னு கட்டளை போகும். கரண்ட் திரும்பினதும் யுபிஎஸ் மறுபடி வெளிப்பக்கம் விடும், அப்பத்தான் பயாஸ் முழிக்கும். எல்லா யுபிஎஸ்ஸும் இந்தக் கட்டளைக்குக் கட்டுப்படாது, வாங்கறதுக்கு முன்னாடி நட் தளத்துல இருக்கற ஹார்டுவேர் பட்டியல்ல மாடலைப் பாத்துக்கங்க.

உங்க 600 விஏல டேட்டா போர்ட் இல்லைன்னா மேல சொன்னது எதுவும் நடக்காது, பேட்டரி தீர்ந்து படக்குன்னு போகும். இன்னோடிபி டேபிளா இருந்தா மரியாடிபி அதைத் தாங்கும். மைஐசாம் டேபிள் ஏதாச்சும் பழசுல இருந்து தங்கியிருந்தா இன்னோடிபிக்கு மாத்திடுங்க, அது தாங்காது. பராமரிப்பு அறிவிப்பு முந்தின நாளே பேப்பர்ல வந்துடுதே, அன்னிக்கு 9 மணிக்கு முன்னாடி முறையா நிறுத்திடறதும் ஒரு வழி. பயாஸ்ல ஆர்டிசி அலாரம் இருந்தா அதையும் தினம் காலை 8 மணிக்கு வெச்சு விடுங்க. வேற எது தவறினாலும் மறுநாள் காலைல தானா ஆன் ஆயிடும்.

லேன் சுவிட்சையும் வைஃபை ரூட்டரையும் அதே யுபிஎஸ்ல சொருகுங்க. ரெண்டும் சேந்து 20 வாட் தாண்டாது. கரண்ட் வந்து வந்து போற ஏரியாவா இருந்தா ஃபிரிட்ஜுக்கு வெக்கற டைம் டிலே ஸ்டெபிலைசர் மாதிரி ஒண்ணை முன்னால போட்டா, கரண்ட் சில நிமிசம் நிலைச்ச பொறவுதான் விடும். பாதி பூட்ல மறுபடி அடி வாங்கறது நிக்கும்.

---

மஞ்சமண்டி (ஈரோடு)

இதுக்கு இத்தனை கோப்பு எதுக்குங்க? கிரான்டேப்ல (நேரம் வெச்சு கட்டளை ஓட்டற பட்டியல்) @ரீபூட் போட்டு கியூனிகார்ன் கட்டளையை ஒரே வரில எழுதினா தீர்ந்தது. பூட்ல ஓடற ஆர்சி.லோக்கல் ஸ்கிரிப்ட்லயும் போடலாம்.

---

கூடுதுறை (பவானி)

ஓடும்ங்க, இல்லைன்னு சொல்லலை. கிரான் சும்மா கிளப்பி விட்டுட்டுப் போயிடும். மதியம் 2 மணிக்கு ஆப் செத்தா திருப்பிக் கிளப்ப ஆளில்லை. மரியாடிபி தயாரான்னும் பாக்காது. ‘ஸ்லீப் 30’ன்னு முன்னால போடறவங்க இருக்காங்க, திடீர்னு கரண்ட் போன அன்னிக்கு டேட்டாபேஸுக்கு 40 நொடி ஆச்சுன்னா அதுவும் தோக்கும். கிரானோட பாத் வேற ரொம்பக் குட்டி, முழுப் பாதை எழுதலைன்னா கட்டளை கிடைக்காம சத்தமில்லாம போயிடும்.

ஆர்சி.லோக்கல் உபுண்டு 15.04ல சிஸ்டம்டி வந்த பொறவு ஒட்டுத்திண்ணைதான். கோப்பு இருந்து, ஓட்டும் அனுமதியும் இருந்தாத்தான் எடுத்துக்கும்.

வெளி ஹார்ட் டிஸ்க்கை யாரும் தொடலையே. பூட்ல எந்த டிஸ்க்கை ஏத்தணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் கோப்புல அதைச் சாதாரணமா எழுதியிருந்தா, ஒருநாள் கேபிள் தளர்ந்திருந்தாக்கூட பூட் 90 நொடி காத்திருந்துட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போயிடும். அப்ப என்ஜின்எக்ஸ், எஸ்எஸ்எச் எதுவும் வராது, திரை கீபோர்டு சொருகி உக்காரணும். போட்டோ இல்லைங்கறதுக்காக லாட் கணக்கே நிக்கறது நியாயமில்லை. அந்த வரியோட ஆப்சன்ல இதைச் சேருங்க:

நோஃபெயில்,எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10எஸ்

டிஸ்க்கை எஸ்டிபி1னு எழுதாம யுயுஐடியால (டிஸ்க்லயே பதிஞ்சிருக்கற அடையாள எண்) எழுதுங்க. யுஎஸ்பில அந்தப் பேர் பூட்டுக்குப் பூட் மாறும். நோஃபெயில் போட்ட பொறவு ஒரு ஆபத்து: டிஸ்க் ஏறாத அன்னிக்கு ஆப் அதே அடைவுல, அதாவது உள் டிஸ்க்ல, போட்டோவை எழுதிட்டே போகும். பின்னால டிஸ்க் ஏறினா அந்தப் போட்டோ எல்லாம் மறைஞ்சிடும். மவுண்ட் ஆகாத நிலையில அந்த அடைவுக்கு லாட் யூசருக்கு எழுதற அனுமதி இல்லாம வெச்சுட்டா, தப்பு அப்பவே கண்ணுக்குத் தெரியும்.

---

முட்டைவண்டி (நாமக்கல்)

இடைல நுழையறேன், மன்னிக்கணும். எங்களுது விண்டோஸ் 10, எக்ஸ்ஏஎம்பிபி (அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல் எல்லாம் ஒண்ணா வர்ற தொகுப்பு). கன்ட்ரோல் பேனல்ல கான்ஃபிக் போய் ஆட்டோஸ்டார்ட்ல அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல் ரெண்டுக்கும் டிக் போட்டாச்சு. ஆனாலும் பூட்ல வரமாட்டேங்குது.

---

ரிக்வண்டி (திருச்செங்கோடு)

அந்த டிக்குக்கு அர்த்தம் ‘கன்ட்ரோல் பேனல் திறந்தா இதையும் கிளப்பு’ங்கறதுதான். பேனலையே யாராச்சும் திறக்கணுமே. சர்வீஸா நிறுவணுமுங்க.

பேனல் ஐகானை ரைட் கிளிக் பண்ணி அட்மினிஸ்ட்ரேட்டரா திறங்க. ரெண்டையும் மொதல்ல ஸ்டாப் பண்ணுங்க. இடது ஓரத்துல சர்வீஸ் பத்தி இருக்கு, சிவப்புப் பெருக்கல் குறி நிக்கும். அதை அமுத்தி ஆமான்னு சொன்னா பச்சை டிக் ஆகும். அட்மினா திறக்காம அமுத்தினா நடக்காது. பொறவு சர்வீசஸ்.எம்எஸ்சி திறந்து அப்பாச்சி2.4க்கும் மைஎஸ்க்யூஎல்லுக்கும் ஸ்டார்ட்அப் டைப் ஆட்டோமேட்டிக்கா இருக்குதான்னு பாருங்க. ரிகவரி தாவல்ல மூணு தோல்விக்கும் ‘ரீஸ்டார்ட் த சர்வீஸ்’ குடுங்க. இதுக்கு அப்புறம் யாரும் லாகின் பண்ணாமலே ஓடும்.

80 கிடைக்கலைன்னா நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ ஓட்டி 80க்கு நேரா எந்த பிஐடி (ஓடற புரோகிராமோட எண்) நிக்குதுன்னு பாருங்க. 4ன்னு நின்னா அது விண்டோஸோட சொந்த எச்டிடிபி டிரைவர். பெரும்பாலும் ‘வேர்ல்டு வைடு வெப் பப்ளிஷிங் சர்வீஸ்’ காரணமா இருக்கும், அதை டிசேபிள் பண்ணுங்க.

சில பேர் டாஸ்க் ஷெட்யூலர்ல ‘அட் ஸ்டார்ட்அப்’னு போடுவாங்க. அதுல செட்டிங்ஸ் தாவல்ல ‘3 நாளுக்கு மேல ஓடினா நிறுத்து’ன்னு முன்னமே டிக் போட்டு வெச்சிருப்பாங்க. ஞாயிறு ஆன் பண்ணின சர்வர் புதன்கிழமை செத்தா காரணம் அதுதான். லேப்டாப்பா இருந்தா ‘ஏசி பவர்ல இருந்தா மட்டும்’ங்கற டிக்கையும் எடுக்கணும்.

சர்வர் ஓடுது, போன்ல மட்டும் திறக்கலைன்னா ஃபயர்வாலைப் பாருங்க. ரூட்டர் மாத்தினா விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்கா எடுத்து பப்ளிக்னு வெச்சுடும், பிரைவேட்டுக்கு மாத்துங்க. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட்டோட பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிடுச்சு. அந்தப் பெட்டியை வெளி இணையத்துக்குப் போர்ட் திறந்து மட்டும் விட்டுடாதீங்க.

---

நொய்யல்கரை (திருப்பூர்)

எல்லாருக்கும் நன்றிங்க. பதிவுல 99தான் இருந்துச்சு, கூடுதுறை அண்ணன் சொன்ன மாதிரியே லிஸன்ல ஐபி. தூக்கிட்டேன், இப்ப பூட்லயே என்ஜின்எக்ஸ் வருது. பயாஸ்ல பவர் ஆன் வெச்சாச்சு, சுவிட்சும் யுபிஎஸ்ல மாத்தியாச்சு. யுபிஎஸ்ல டேட்டா போர்ட் இல்லீங்க.

ரெண்டு பாக்கி. ஆப் அடைவை ஹோம்ல இருந்து எஸ்ஆர்விக்கு நகர்த்தி யூனிட் எழுதினா 203 வருது. பாதை எழுத்துக்கு எழுத்து சரி, எல்எஸ் போட்டா கியூனிகார்ன் கோப்பு அங்கதான் இருக்கு, ஓட்டும் அனுமதியும் இருக்கு. அப்புறம் சுவர் சுவிட்சை அணைச்சுப் போட்டுப் பாத்தா பெட்டி ஆன் ஆகுது, ஆனா குரப் (பூட்ல உபுண்டுவை ஏத்தற புரோகிராம்) மெனுல சித்த நேரம் நின்னுட்டுத்தான் நகருது. சாதாரண ரீபூட்ல அந்த மெனுவே வர்றதில்லை.

---

கூடுதுறை (பவானி)

203: கியூனிகார்ன் கோப்போட மொத வரியைப் பாருங்க, ஹெட் -1 போதும். பழைய ஹோம் அடைவுல இருந்த பைத்தானோட முழுப் பாதை அங்க எழுதியிருக்கும். வென்வ் (ஆப்புக்குன்னு தனியா வெக்கற பைத்தான் அடைவு) உருவாக்கற நேரத்துல அந்தப் பாதையை ஒவ்வொரு ஸ்கிரிப்ட்லயும் பதிச்சுடும், அடைவை நகர்த்தினா அது மாறாது. கெர்னல் தேடறது அந்தப் பைத்தானை, அது இப்ப அங்க இல்லை. அதனாலதான் கோப்பு கண்ணெதிர இருந்தும் 203. வென்வ் அடைவை அழிச்சுட்டு புது இடத்துலயே திரும்ப உருவாக்குங்க:

பைத்தான்3 -எம் வென்வ் /எஸ்ஆர்வி/லாட்/வென்வ்
/எஸ்ஆர்வி/லாட்/வென்வ்/பின்/பிப் இன்ஸ்டால் -ஆர் ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி

ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பு இல்லைன்னா அழிக்கறதுக்கு முன்னாடி பழைய வென்வ்ல ‘பைத்தான் -எம் பிப் ஃப்ரீஸ்’ ஓட்டி எடுத்து வெச்சுக்கங்க. வென்வ்க்குள்ள இருக்கற பிப்பை நேரா கூப்பிட்டா அதுவும் இதே காரணத்தால ஓடாது.

---

குறிச்சிகுளம் (கோவை)

குரப் மெனு: முந்தின பூட் நல்லபடியா முடிஞ்சதுங்கற குறி பதியறதுக்குள்ள கரண்ட் போயிருந்தா, அடுத்த தடவை குரப் ‘ஏதோ கோளாறு’ன்னு நினைச்சு மெனுவை 30 நொடி காட்டும். தானா நகர்ந்துடும், நேரம்தான் வீண். இடிசில டீஃபால்ட் அடைவுக்குள்ள குரப் கோப்புல

குரப்_ரெகார்டுஃபெயில்_டைம்அவுட்=3

சேர்த்து சூடோ அப்டேட்-குரப் ஓட்டிடுங்க. கோப்புல அந்தப் பேர் எல்லாம் பெரிய எழுத்துல இருக்கணும்.

சுவர் சுவிட்சை அணைச்சுப் பாக்கறப்ப ஓடிட்டிருக்கும்போது அணைக்காதீங்க. பவர்ஆஃப் குடுத்து முழுசா நின்ன பொறவு, யுபிஎஸ்ஸோட வெளிப்பக்கத்துல இருந்து கம்ப்யூட்டர் ஒயரை உருவி, அரை நிமிசம் விட்டுச் சொருகுங்க. எஸ்எம்பிஎஸ்ல தேங்கின கரண்ட் வடியலைன்னா போர்டுக்கு பவர் போனதே தெரியாது. திரை, கீபோர்டு ரெண்டையும் கழட்டி வெச்சுட்டு ஒருக்கா பாத்துடுங்க. கட்டிங் செக்சன்ல இருந்து போன்ல 192.168.1.50 திறந்து, ஒரு லாட்டும் ஏத்தி, அதுல போட்டோவும் சேந்தா வேலை முடிஞ்சது.

---

நொய்யல்கரை (திருப்பூர்)

வென்வ் புதுசா போட்டதும் 203 போயிருச்சுங்க, ஆப் எந்திரிச்சாச்சு. குரப் வரியும் சேத்தாச்சு. கீபோர்டு இல்லாம மொத தடவை எஃப்1 கேட்டு நின்னுச்சு, ஹால்ட் ஆன் மாத்தின பொறவு நேரா வந்துடுது. போட்டோ டிஸ்க்குக்கு நோஃபெயில் போட்டு, கேபிளை உருவி வெச்சும் பாத்தாச்சு: லாட் ஏறுது, போட்டோ மட்டும் அனுமதி இல்லைன்னு சிவப்புல காட்டுது. அடுத்த மாசம் யுஎஸ்பி போர்ட் இருக்கற யுபிஎஸ் வாங்கச் சொல்லியிருக்கு, மாடல் முடிவானதும் நட் பட்டியல்ல பாத்துட்டு இங்கயே கேக்கறேனுங்க.